ஒளியால் அனுப்பும் இரகசியத் திறவுகோல்

இரகசியம் ஒன்றைப் பெட்டியில் இட்டுப் பூட்டுவது எளிய காரியம். அப்பெட்டியைத் திறத்தற்குரிய திறவுகோலைத் தூரத்தில் இருக்கும் உரியவர் கையிற் சேர்ப்பதுதான் அரிய காரியம். திறவுகோலைப் பெட்டியோடு சேர்த்து அனுப்பினால் வழியிற் காண்போர் எவரும் திறந்துவிடுவர். தனியே அனுப்பினால் அதனைக் காப்பதற்கு இன்னொரு பெட்டி வேண்டும். செய்திகளை மறைமொழியில் எழுதி அனுப்பும் கலையில் வல்லோரை நெடுங்காலம் வருத்திவந்த சிக்கல் இதுவே.

மறைமொழியிற் திறவுகோல் எனப்படுவது இரும்பாலானதன்று. 0, 1 என்னும் இரண்டு இலக்கங்கள் எவ்வித ஒழுங்குமின்றித் தொடர்ந்துவரும் ஒரு வரிசையே அது. செய்தியையும் அவ்விரு இலக்கங்களால் எழுதி, திறவுகோல் வரிசையை அதனோடு ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டி அனுப்பினால், வரிசையை அறியாதவருக்கு அச்செய்தி வெறும் இலக்கக் குவியலாகவே தோன்றும். திறவுகோல் செய்தியளவு நீளமுடையதாய், ஒருமுறை மாத்திரமே பயன்படுத்தப்படுவதாய் இருப்பின், அம்மறைமொழியை உடைத்தல் எத்துணை வல்லாருக்கும் இயலாது என்பதைக் குளோட் ஷனன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1949 இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். ஆனால் அத்துணை நீண்ட திறவுகோலை நாள்தோறும் கொண்டுபோய்ச் சேர்ப்பார் யார்? தூதரகங்களுக்குப் பையோடு ஆள் அனுப்பலாம். ஒவ்வொரு வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் அவ்வாறு அனுப்புதல் ஆகுமா?

ஆகாது என்பதனால் உலகம் வேறொரு வழியைக் கைக்கொண்டது. கணக்கின் கடினத்தை நம்பிய வழி அது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கத்தைக் கண்டு அவ்விரு எண்களைப் பிரித்தறிவது மிகக் கடினம். இத்தகைய கணக்குகளின் மேலேதான் பல பூட்டுகள் அமைக்கப்பட்டன. 1994 இல் பீற்றர் ஷோர் என்பவர், குவாண்டம் விதிகளின்படி இயங்கும் கணனி ஒன்று செய்யப்படுமாயின் இக்கணக்குகள் விரைவில் அவிழ்ந்துவிடும் எனக் காட்டினார். போதிய அளவிற் பெரிய அத்தகைய கணனி இன்னும் செய்யப்படவில்லை. எனினும், இன்று கம்பியிற் செல்லும் மறைமொழியைப் பதிந்து வைத்து, அக்கணனி வந்தபின் திறந்து படிக்க எண்ணுவோரைத் தடுப்பார் இல்லை. நாளைய சந்தை விலைக்கு இதனாற் கேடில்லை. ஒரு நோயாளியின் வைத்தியக் குறிப்போ, நீதிமன்றிற் சாட்சி சொன்ன ஒருவரின் இருப்பிடமோ ஐம்பது ஆண்டு கழிந்தும் மறைந்திருக்க வேண்டியதன்றோ?

இலங்கைப் பாடசாலை நூல்கள் சக்திச் சொட்டு என வழங்கும் குவாண்டமே இச்சிக்கலுக்கு ஒரு விடையையும் தந்தது. சாள்ஸ் பெனெற், ஜில் பிறசாட் என்னும் இருவர் 1984 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், பெங்களூரில் நடைபெற்ற ஒரு சர்வதேச மாநாட்டில் அவ்விடையை முன்வைத்தனர். முன்னவர் அமெரிக்காவில் ஐ.பீ.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர், பின்னவர் கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தவர். ஸ்ரீபன் வீஸ்னர் என்பவர் ஏறத்தாழ 1970 இல் எழுதி, 1983 வரை அச்சேறாது கிடந்த ஒரு கருத்தே இதற்கு வித்து.

அவர்கள் கூறிய முறை இது. ஒளியின் மிகச் சிறிய கூறு போட்டன் என்னும் துணிக்கை. ஒளித்துணிக்கை ஒவ்வொன்றுக்கும் முனைவாக்கம் என்னும் ஒரு சாய்வு உண்டு. நிமிர்ந்ததும் கிடையானதும் ஒரு சோடி. வலப்புறம் சரிந்ததும் இடப்புறம் சரிந்ததும் மற்றொரு சோடி. அனுப்புவோர் ஒவ்வொரு துணிக்கைக்கும் ஏதேனும் ஒரு சோடியைத் தற்செயலாகத் தெரிந்து, அதில் 0 அல்லது 1 ஐக் குறித்து அனுப்புவார். பெறுவோரும் தற்செயலாக ஒரு சோடியைத் தெரிந்து அளந்து பார்ப்பார். இருவரும் ஒரே சோடியைத் தெரிந்திருப்பின் விடை ஒத்திருக்கும். வேறு வேறாயின் விடை வெறும் தற்செயலே. பின்னர், எந்தத் துணிக்கைக்கு எந்தச் சோடி என்பதை மாத்திரம் யாவரும் கேட்கத் தொலைபேசியிற் சொல்லி, ஒவ்வாதவற்றை நீக்கிவிடுவர். எஞ்சிய பாதியே திறவுகோல்.

இடையில் ஓர் ஒற்றன் துணிக்கையைப் பிடித்து அளந்து மீள அனுப்பினால் யாது நிகழும்? அவனுக்கும் சோடி தெரியாது. பாதித் தடவை தவறான சோடியில் அளப்பான். அளந்தவுடனே துணிக்கையின் பழைய நிலை அழிந்துவிடும். அதனால் திறவுகோலில் 100 இலக்கங்களுக்கு 25 பிழையாகும். அனுப்புவோரும் பெறுவோரும் சில இலக்கங்களை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால் ஒற்றன் வந்த சுவடு தெரிந்துவிடும். இந்த முறையில் ஒற்றனைக் காட்டிக்கொடுப்பது இயற்கையின் விதியே. கணக்கின் கடினம் இங்கே வேண்டப்படவில்லை. ஒற்றன் எத்துணை நுட்பமாக நடந்தாலும், பிழை நூற்றுக்குப் பதினொன்றின் கீழ் இருப்பின் இரகசியமான திறவுகோலை வடித்தெடுக்கலாம் என்பதை ஷோரும் ஜோன் பிறெஸ்கிலும் 2000 ஆம் ஆண்டிற் சுருக்கமாக நிறுவிக் காட்டினர்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது அழகான கதையாக இருந்திருக்கும். ஆனால் நிறுவல் தாளில் நிற்பது; திறவுகோலைச் செய்வதோ மேசைமேல் இருக்கும் கருவி.

முதற் கருவி 1989 இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஐ.பீ.எம். ஆராய்ச்சி நிலையத்திற் செய்யப்பட்டது. ஒளி கடந்த தூரம் ஏறத்தாழ 30 சதமமீற்றர். ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம். ஒளியின் சாய்வை மாற்றுதற்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டியிருந்தது. அம்மின்னழுத்தத்தை வழங்கிய பெட்டிகள் ஒவ்வொரு சாய்வுக்கும் வெவ்வேறு விதமாக ஒலி எழுப்பின! ஒளியைத் தொடாமலே, அறையில் நின்று காதால் கேட்டவர் திறவுகோலை அறிந்துகொள்ளலாம். தங்கள் கருவி காது கேளாத ஒற்றனுக்கு எதிராக முற்றிலும் பாதுகாப்பானது எனப் பிறசாட் பிற்காலத்தில் நகைச்சுவையாக எழுதினார். நகைச்சுவையாயினும், அடுத்த முப்பது ஆண்டுகளில் இத்துறை கண்ட இடர்களுக்கெல்லாம் அது முன்னறிவிப்பாயிற்று. ஒளியின் சாய்வைப் பற்றிப் பேசிய நிறுவல், பெட்டியின் ஒலியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. ஒவ்வொரு தடவையும் ஒரேயொரு துணிக்கையை அனுப்புதல் வேண்டும் என்பது முறை. அவ்வாறு கேட்டவுடன் ஒன்றை மாத்திரம் உமிழும் விளக்கு ஆய்வுகூடங்களிலேயே அரிது. ஆகவே கருவி செய்தோர் சாதாரண லேசர் ஒளியை மிக மிக மங்கச் செய்து, சிறு சிறு சுடர்களாக அனுப்பினர். பத்துச் சுடருக்குச் சராசரி ஒரு துணிக்கை என்று மங்கச் செய்தாலும், துணிக்கைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் புறப்படுவதில்லை. ஆயிரம் சுடர்களில் ஏறத்தாழ 905 வெறுமையாயிருக்கும். 90 ஒரு துணிக்கையோடு செல்லும். 5 சுடர்களில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ இருக்கும். அவ்வைந்துமே ஓட்டை. இரண்டு துணிக்கைகளும் ஒரே சாய்வுடையன ஆதலின், ஒற்றன் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைப் போகவிடலாம். சோடிகள் பின்னர் வெளிப்படையாகச் சொல்லப்படும்போது தான் வைத்திருந்ததைச் சரியான சோடியில் அளப்பான். பிழை ஒன்றும் தோன்றாது.

ஆயிரத்துக்கு ஐந்துதானே என்று அமைதியடைய வழியில்லை. கண்ணாடி நாரில் 100 கிலோமீற்றர் செல்லும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கே மறுமுனையை அடைகின்றது. எனவே பெறுவோர் ஆயிரம் சுடருக்கு ஏறத்தாழ ஒன்றையே காண எதிர்பார்ப்பார். ஒற்றனோ ஒற்றைத் துணிக்கைச் சுடர்களையெல்லாம் தடுத்துவிட்டு, இரட்டைச் சுடர்களுள் ஒன்றை மாத்திரம் பழுதின்றிக் கொண்டுசேர்த்தால், பெறுவோரின் கணக்குச் சரியாயிருக்கும். திறவுகோல் முழுவதும் ஒற்றன் கையிலும் இருக்கும். நார் வழங்கும் இழப்பையே அவன் தனக்குப் போர்வையாக்கிக் கொள்கிறான். பிறசாட் உள்ளிட்ட நால்வர் 2000 ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டபோது, அதுவரை நடைபெற்ற பரிசோதனைகள் பலவற்றின் பாதுகாப்பு ஐயத்துக்குரியதாயிற்று. துணிக்கையைக் கலைக்காமல் எண்ணுகின்ற கருவி ஒற்றனிடம் இன்று உண்டா என்பது வினாவன்று. இயற்கை விதி அதனைத் தடுக்கவில்லை. இயற்கை விதியைக் காட்டி விற்கப்படும் பூட்டு, இயற்கை விதி அனுமதிப்பவை அனைத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இந்நிலையில் இத்துறையின் சிந்தனை ஒரு திருப்பத்தை அடைந்தது. டானியல் கொற்றஸ்மன், ஹோய்-குவொங் லோ, நோபேட் லுற்கன்ஹவுஸ், ஜோன் பிறெஸ்கில் ஆகிய நால்வரும் குறையுள்ள கருவிகளோடு திறவுகோல் வழங்கலின் பாதுகாப்பைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரை 2004 இல் வெளிவந்தது. கருவி குறையற்றது என்று பாவனை செய்வதை அவர்கள் விட்டனர். குறை உண்டு என ஒப்புக்கொண்டு, எவ்வளவு உண்டு என்பதைக் கணக்கில் எழுதினர். நெல் வாங்கும் வியாபாரி மூடையில் இத்தனை பங்கு பதர் இருக்கலாம் என மதிப்பிட்டு, அதனைக் கழித்து விலை பேசுவான். எந்த மணி பதர் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்ப்பதில்லை. அவ்வாறே, குறையுள்ள சுடரிற் பிறந்த இலக்கங்கள் யாவும் ஒற்றனுக்குத் தெரியும் என்றே கொண்டு, அவற்றின் பங்கு இவ்வளவுக்கு மேற்படாது என்று வரையறுத்துவிட்டால், அதற்கேற்பத் திறவுகோலைச் சுருக்கி எஞ்சியதை ஐயமின்றிப் பயன்படுத்தலாம்.

சுருக்குதல் என்பது வெட்டி எறிதலன்று. இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை ஒற்றன் அறிவான். எது என்று உரியவருக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டி, கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா என்பதை மாத்திரம் வைத்துக்கொண்டால் ஒற்றனுடைய அறிவு முற்றாகப் பயனற்றுப்போகும். ஆயிரக்கணக்கான இலக்கங்களை இவ்வாறு பிணைத்துச் சுருக்கும்போது இலக்கம் குறைகின்றது, இரகசியம் தூயதாகின்றது.

ஆனால் பதரின் பங்கை வரையறுப்பது எவ்வாறு? மேலே கண்ட நூறு கிலோமீற்றர்க் கணக்கில், வந்தடைந்தவை யாவும் இரட்டைச் சுடர்களாக இருக்கலாம் என்ற ஐயம் நீங்காதவரை மூடை முழுவதையும் பதர் என்றே கொள்ளல் வேண்டும். இதற்கு வழிகண்டவர் கொரிய நாட்டவரான வொன்-யங் ஹுவாங், ஆண்டு 2003. வேடர் காட்டிற் பார்வைமான் கட்டிவைத்து மற்ற மானை வரச்செய்வது போன்றது அவ்வழி. அனுப்புவோர் தம் சுடர்களின் ஒளிர்வைத் தற்செயலாகக் கூட்டியும் குறைத்தும் அனுப்புவார். இடையிடையே வருபவை பொய்ச்சுடர்கள். ஒற்றன் ஒரு சுடரிலுள்ள துணிக்கைகளை எண்ணலாம். ஆனால் இரண்டு துணிக்கைகள் உள்ள சுடரொன்று மெய்ச்சுடரா பொய்ச்சுடரா என்று அவனால் அறிய இயலாது. அவன் இரட்டையைப் போகவிட்டு ஒற்றையைத் தடுத்தால், ஒளிர்வு கூடிய சுடர்களும் குறைந்த சுடர்களும் வந்துசேரும் வீதங்கள் தம்முள் பொருந்தாமற் போகும். 2005 இல் லோவும் அவருடைய துணைவரும், தனியே சியாங்-பின் வாங் என்பவரும் இதனை முழுமையான கணக்காக அமைத்தனர். 2007 இல், கனரித் தீவுகளான லா பல்மாவுக்கும் தெனெரீபுக்கும் இடையே 144 கிலோமீற்றர் வெட்டவெளியில் இம்முறையாற் திறவுகோல் அனுப்பப்பட்டது. நல்ல விளக்கு இல்லாத குறையை வேறு விளக்கு வாங்காமலே தீர்த்தது இது. இத்துறையின் கண்டுபிடிப்புகளுள் இதற்கு இணையான சிக்கனமுடையது வேறில்லை எனலாம்.

அனுப்பும் முனையின் கணக்கு இவ்வாறு தீர்ந்துகொண்டிருக்கையில், பெறும் முனையில் இடி விழுந்தது.

ஒரேயொரு ஒளித்துணிக்கையை உணரும் கருவி மிகுந்த பதற்றத்தோடு நிறுத்திவைக்கப்பட்ட ஒரு குறைகடத்தித் துண்டு. ஒரு துணிக்கை பட்டதும் உள்ளே இலத்திரன்கள் மலைச்சரிவிற் பனி சரிவதுபோற் பெருகிப் பாய்ந்து ஒரு மின்துடிப்பை உண்டாக்கும். ஆனால் அக்கருவியின்மேற் தொடர்ந்து பலமான ஒளியைப் பாய்ச்சினால் அப்பதற்றம் அடங்கிவிடுகின்றது. அதன்பின் ஒற்றைத் துணிக்கையை அது காண்பதில்லை; ஒரு குறித்த எல்லைக்கு மேற்பட்ட ஒளி வந்தால் மாத்திரம் துடிக்கும் சாதாரண ஒளிமானியாகிவிடுகின்றது. வெயிலைப் பார்த்த கண் இருட்டறையில் ஒன்றும் காணாததோடு இதனை ஒப்பிடலாம். ஆயினும் கண் கூசுகின்றது என்று சொல்லும், கருவி சொல்லாது.

நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகரத்திலும் ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரத்திலும் பணியாற்றிய லார்ஸ் லிடர்சன், வாடிம் மக்காறொவ் முதலியோர் 2010 இல் இதனை வெளியிட்டனர். ஒற்றன் முதலிற் பெறுவோரின் உணரிகளைக் குருடாக்குகிறான். பின்னர் அனுப்புவோரிடமிருந்து வரும் துணிக்கையைப் பெறுவோரைப் போலவே தான் அளந்து, கண்ட விடையைப் பலமான சுடரில் எழுதி அனுப்புகிறான். பெறுவோர் தெரிந்த சோடி ஒற்றனுடைய சோடியோடு ஒத்திருந்தால் சுடர் முழுவதும் ஓர் உணரியில் விழுந்து எல்லையைத் தாண்டும், கருவி துடிக்கும். ஒவ்வாதிருந்தால் சுடர் இரண்டாகப் பிரிந்து ஈருணரிகளிலும் பாதிப்பாதி விழும், எல்லையைத் தாண்டாது, துணிக்கை வழியிற் தொலைந்தது என்றே பெறுவோர் எண்ணுவார். இதன் விளைவு, ஒற்றன் தவறாக அளந்தவை அனைத்தும் பெறுவோர் கண்ணிற் படாமலே மறைந்துபோகின்றன. நூற்றுக்கு இருபத்தைந்து என்ற அந்தச் சுவடு எங்கும் இல்லை. அக்காலத்திற் சந்தையில் விற்கப்பட்ட இரண்டு வகைக் கருவிகள் இதற்கு வசப்பட்டன. உற்பத்தி செய்தோருக்கு முன்கூட்டியே அறிவித்த பின்னரே ஆய்வாளர் இதனை வெளியிட்டனர் என்பது பாராட்டத்தக்கது. மறு ஆண்டு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீற்றர் நீளமான நாரின் வழியே நடந்த திறவுகோல் வழங்கலில் முழுத் திறவுகோலையும் ஒற்றுக்கருவி ஒன்று பெற்றுக்காட்டியது. அனுப்பினோரும் பெற்றோரும் வழமையாகப் பார்க்கும் அளவைகளில் ஒரு மாறுதலும் தோன்றவில்லை.

இவ்வகைத் தாக்குதல்கள் இன்னும் பல. இரண்டு உணரிகள் ஒரே கணத்தில் விழிப்பதில்லை என்ற சிறு வேற்றுமையே போதியதாயிற்று என்பதை ரொறன்ரோவில் 2008 இற் காட்டினர். வெளியிலிருந்து ஒளியைச் செலுத்தி, அனுப்புவோரின் கருவிக்குள்ளே அது பட்டுத் தெறித்து வருவதைக்கொண்டு உள்ளமைப்பைப் படிப்பது மற்றொன்று. உணரியிற் பாயும் மின்னோட்டத்தைக் கண்காணித்தல், உள்ளே வரும் ஒளியைத் தடுக்கும் ஒருவழிக் கதவுகளை அமைத்தல் எனப் பரிகாரங்களும் உண்டு. ஒவ்வொரு பரிகாரமும் ஓர் ஓட்டையை அடைக்கும். அடுத்த ஓட்டை எங்கே என்று சொல்லாது.

ஆகவே, உணரியைத் திருத்துவதை விட்டு, அதனை நம்பவேண்டிய அவசியத்தையே நீக்கலாமா என்று எண்ணினர். 2012 இல் லோவும் மார்கோஸ் கேர்ட்டியும் பிங் சியும் கூறிய முறையில் இருவருமே அனுப்புவோர். பெறுவோர் என்று ஒருவர் இல்லை. இருவருடைய சுடர்களும் நடுவில் உள்ள ஒரு நிலையத்திற் சந்திக்கின்றன. நிலையம் அறிவிப்பது ஒன்றே: இருவரும் அனுப்பியவை ஒன்றற்கொன்று மாறானவை என்பது. தன்னுடையது 0 என்று அறிந்தவர் மற்றவருடையது 1 என அறிந்துகொள்வார். நிலையத்துக்கோ எவருடையது 0, எவருடையது 1 என்பது தெரியாது. நிலையத்தை ஒற்றனே நடத்தினாலும் கேடில்லை. பொய் அறிவித்தால் ஒப்பிட்டுப் பார்க்கையிற் பிழை மிகுந்து அகப்படுவான். உணரிகள் குருடாயினும் செவிடாயினும் அவை இப்போது ஒற்றன் வீட்டுப் பொருள்கள். 2016 இற் சீன ஆய்வாளர் இம்முறையில் 404 கிலோமீற்றர் நாரைக் கடந்தனர். இதனோடு உறவுடைய மற்றொரு முறை 2018 இற் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2023 இற் சீனாவில் 1002 கிலோமீற்றரை எட்டியது. ஆயினும் அனுப்பும் கருவிகளை இங்கும் நம்பவே வேண்டும்.

அதனையும் நம்பாதிருக்க இயலுமா? ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாதபடி ஆளவேண்டும், மூவர் சொல்லும் ஒத்திருந்தால் தெளியவேண்டும் என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்குச் சொல்லும். கருவிகளையே அவ்வாறு தனித்தனியே அடைத்துவைத்து வினாவுவதுதான் இறுதி வழி. ஜோன் பெல் 1964 இற் கண்ட தேற்றத்தைத் திறவுகோலோடு இணைத்தவர் ஆர்தர் எகேட்; ஆண்டு 1991. இரண்டு அறைகளில் இரண்டு கருவிகள். ஒவ்வொன்றிடமும் இரண்டு வினாக்களுள் ஒன்று தற்செயலாகக் கேட்கப்படும். 0 அல்லது 1 என்று அது விடைகூறும். விடைகளை ஒப்பிடுதற்கு ஒரு விளையாட்டு விதி உண்டு. முன்கூட்டியே எழுதிவைத்த விடைகளைச் சொல்லும் கருவிகள் எத்துணைச் சூழ்ச்சி செய்தாலும் நூற்றுக்கு 75 தடவைக்கு மேல் வெல்ல இயலாது. குவாண்டம் முறையிற் பிணைந்த துணிக்கைகளைக் கொண்டவை நூற்றுக்கு 85 தடவை வெல்லும். வெற்றி 75 ஐத் தெளிவாகத் தாண்டிவிட்டால், விடைகள் எங்கும் முன்னரே எழுதப்பட்டிருக்கவில்லை; ஆதலின் ஒற்றனிடம் அவற்றின் முழுப் படி இருத்தல் இயலாது. கருவியைச் செய்தவர் யார், உள்ளே என்ன இருக்கின்றது என்ற வினாக்களே எழுவதில்லை. கருவி தன் விடைகளை அறைக்கு வெளியே கசியவிடாமற் காப்பது மாத்திரம் உரியவர் பொறுப்பு.

இது 2022 வரை தாளிலேயே இருந்தது. அவ்வாண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில், 2 மீற்றர் இடைவெளியிற் பிடித்துவைத்த இரண்டு ஸ்ரொன்சியம் அயன்களைக்கொண்டு, எட்டு மணி நேரத்தில் 95 ஆயிரத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட திறவுகோலைச் செய்தனர். மியூனிக் நகரத்தில் 400 மீற்றர் இடைவெளியில் உள்ள றுபிடியம் அணுக்களோடு மற்றொரு குழுவினர் இவ்வழிக்கு வேண்டிய தரத்தை எட்டினர். எட்டு மணி நேர உழைப்பிற் கிடைத்த திறவுகோல் சில பக்கக் கடிதத்தை மறைக்கவே போதும். முதற் கருவியின் 30 சதமமீற்றரை எண்ணிப் பார்ப்போர் அதனை எள்ளார்.

இதற்கிடையே, விற்பனைக்கு வந்துள்ள கருவிகளை வாங்குவோர் வேறு சிலவற்றையும் அறிதல் நன்று. அனுப்புவோரும் பெறுவோரும் தொலைபேசியிற் பேசும்போது மறுமுனையில் இருப்பவர் உண்மையில் உரியவரே என்று தெரிதல் வேண்டும். அதற்கு முதலிலேயே ஒரு சிறு திறவுகோலோ வேறொரு நம்பத்தகுந்த அடையாளமோ இருவரிடமும் இருக்க வேண்டும். இம்முறை சிறிய இரகசியத்தைப் பெரிதாக்கித் தருவது, வெறுமையிலிருந்து படைப்பதன்று. மேலும், 2017 இற் திறக்கப்பட்ட பீஜிங்-ஷங்ஹாய் வழி 2000 கிலோமீற்றரைக் கடப்பது 32 இடைநிலையங்களின் துணையால். ஒவ்வொரு நிலையத்திலும் திறவுகோல் ஒளியிலிருந்து இறங்கி, பின் ஏறுகின்றது; அங்கே காவல்புரிவது இயற்கை விதியன்று, கதவும் காவலாளியும். அதே ஆண்டிற் சீனாவுக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே திறவுகோல் வழங்கிய மீசியஸ் செய்மதியும் அத்தகைய நிலையமாகவே செயற்பட்டது.

பிரித்தானியாவினதும் அமெரிக்காவினதும் தகவற் பாதுகாப்பு நிறுவனங்கள் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, அரசாங்கப் பணிகளுக்கு இம்முறையைத் தாம் பரிந்துரைப்பதில்லை என வெளிப்படையாகவே கூறியுள்ளன. குவாண்டம் கணனிக்கும் அடங்காதன என்று கருதப்படும் புதிய கணக்குகளையே அவை விரும்புகின்றன. அத்தகைய கணக்குகளிற் சிலவற்றை அமெரிக்கத் தராதர நிறுவனம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் நியமங்களாக வெளியிட்டது. அவற்றுக்கு விசேட நாரோ உணரியோ வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் அவையும் கணக்கின் கடினத்தையே நம்புவன. இன்று பதிந்து வைத்ததை ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்ற அச்சம் அவற்றுக்கு உண்டு. ஒளித்திறவுகோலுக்கு அது இல்லை. ஒளித்திறவுகோலைத் திருடுவோன் அது செய்யப்படும் அக்கணத்திலேயே கருவியின் குறையைக் கண்டு திருட வேண்டும். எனவே, நீண்ட காலம் மறைய வேண்டிய செய்திக்கு இரண்டையும் சேர்த்துப் பூட்டுவோரைக் குறைகூற இயலாது.

அக்குறையைத் தேடும் வேலை இப்போது ஆய்வாளரின் ஆர்வத்துக்கு மாத்திரம் விடப்படவில்லை. இவ்வகைக் கருவிகளுக்கு இருக்கவேண்டிய பாதுகாப்பு இயல்புகளையும் அவற்றைச் சோதிக்கும் முறைகளையும் வகுக்கும் சர்வதேச நியமம் 2023 இல் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. அதன்படி சோதனை செய்வோர், கருவியை விற்பவரின் சொல்லைக் கேளாமல், பலமான ஒளியைப் பாய்ச்சியும் உணரிகள் விழிக்கும் நேரத்தை அளந்தும் தாமே ஒற்றனாக நின்று பார்க்கலாம்.